மரணப் பதிவேடு மட்டும் போதுமா?

பங்கு அலுவலக அலமாரியில் தடித்த அட்டையிட்ட பதிவேடுகள் வரிசையாக நிற்கும். ஞானஸ்நானத்துக்கு ஒன்று, திருமணத்துக்கு ஒன்று, மரணத்துக்கு ஒன்று. மாற்றலாகி ஒரு புதிய பங்குக்குச் சென்றதும் நான் முதலில் புரட்டுவது ஞானஸ்நானப் பதிவேட்டைத்தான். ஓர் ஊர் வளர்கிறதா தேய்கிறதா என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடும். அதே செய்தியை மரணப் பதிவேடு சொல்வதற்கு இருபது ஆண்டுகள் பிடிக்கும். முதியவர்கள் திண்ணையில் அமர்ந்திருக்கும் வரையில் ஊர் நிறைந்திருப்பது போலவே தோன்றும். தொட்டில் வெறுமையாகிப் பல காலம் ஆகியிருக்கும். வெளியிலிருந்து வருகிறவருக்கு அது தெரியாது.

மீன்களைப் பற்றி எழுத வந்தவன் பதிவேடுகளைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. தாதுமணல் அகழ்வைப் பற்றி ஒரு ஞாயிறு மறையுரையில் சில வார்த்தைகள் சொன்னேன். திருப்பலி முடிந்ததும் பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவர் திருப்பூட்டறைக்கு வந்தார். அரசுப் பணியில் உயர்ந்த பொறுப்பு வகித்து ஓய்வு பெற்ற பொறியாளர். கையூட்டு வாங்காதவர் என்று ஊரே சொல்லும். அவர் சொன்னார்: “ஃபாதர், நீங்கள் மக்களைத் தேவையில்லாமல் அச்சுறுத்துகிறீர்கள். முன்பு போல இன்று யாரும் கண்மூடித் தோண்டுவதில்லை. மீன்வளத்தைக் கண்காணிப்பார்கள். நீரைச் சோதிப்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை கொடுத்தாக வேண்டும். சட்டமே அப்படித்தான் இருக்கிறது.”

சட்டம் அப்படித்தான் இருக்கிறது என்பது உண்மை. ஆகையால் அன்று எனக்கு உடனே மறுமொழி வரவில்லை. இந்தக் கட்டுரை அவருக்கு நான் தரும் மறுமொழி. அவரைப் பற்றி எழுதுவதற்கு அவரிடமே இசைவு பெற்றுக்கொண்டேன்.

விவகாரம் இன்னதென்று உள்நாட்டு வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் ஏறக்குறைய 1,144 ஹெக்டேர் பரப்பில் தாதுமணல் எடுக்க மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் திட்டமிட்டுள்ளது. மோனசைட், இல்மனைட், சிர்க்கான் முதலிய கனிமங்கள் அந்த மணலில் கலந்துள்ளன. 2024 அக்டோபர் 1 அன்று நடைபெறவிருந்த மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கடும் எதிர்ப்பின் காரணமாக ஒத்திவைக்கப்பட்டது. பின்னர், 2025 செப்டம்பரில், அணுக் கனிமங்களையும் அரிய கனிமங்களையும் அகழும் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பே தேவையில்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் குறிப்பாணை வெளியிட்டது. மோனசைட் அணுக் கனிமம். ஆகவே மீனவர் எழுந்து நின்று பேசக்கூடிய ஒரே மேடையும் இல்லாமல் போகும் நிலை வந்திருக்கிறது. மேடை போன பிறகு எஞ்சுவது “கண்காணிப்போம்” என்னும் ஒரு சொல். அந்தச் சொல்லைத்தான் நான் சோதித்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மீன்களைக் கண்காணிப்பது ஏமாற்று வேலை அன்று. அது நல்ல அறிவியல். சுரங்கத்துக்கு மேலே ஓரிடத்திலும் கீழே பல இடங்களிலும் ஒரே வகை வலையை, ஒரே அளவு நேரம், ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் போடுகிறார்கள். விழுந்த மீன்களை இனம் பிரித்து எண்ணி, நிறுத்து, அளந்து குறிக்கிறார்கள். மீனின் தலைக்குள் இருக்கும் செவிக்கல்லை அறுத்து, மரத்தின் வளையங்களைப் படிப்பது போல அதன் வயதைப் படிக்கிறார்கள். ஈரலில் செம்பு எவ்வளவு, தசையில் பாதரசம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். ஆற்றின் அடியில் கற்களைப் புரட்டி அங்கே வாழும் பூச்சிப் புழுக்களையும் எண்ணுகிறார்கள். நீர் கெட்டால் மீனுக்கு முன்னே மறைவது அவைதாம். இத்தனையும் பொறுமையும் நேர்மையும் வேண்டும் வேலைகள். இதைச் செய்கிற இளம் விஞ்ஞானிகளை நான் இகழேன். என் வழக்கு அவர்களோடு அன்று. அவர்கள் எழுதும் ஏட்டை வைத்துக்கொண்டு மற்றவர்கள் செய்வதைப் பற்றியது.

பப்புவா நியூ கினி நாட்டின் மேற்கு மாநிலத்தில் ஓக் டெடி என்னும் ஆறு இருக்கிறது. ‘ஓக்’ என்றாலே அம்மலைநாட்டு மொழிகளில் நீர், ஆறு என்று பொருள். அது ஃபிளை என்னும் பேராற்றில் கலந்து, ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் ஓடிக் கடலைச் சேர்கிறது. அதன் கரையிலுள்ள கியூங்கா ஊரின் பெயர் அங்குள்ள நம் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் பெயரிலேயே இடம் பெற்றுள்ளது. தாரு-கியூங்கா மறைமாவட்டம் என்பார்கள். சவ்வரிசிப் பனையும் ஆற்று மீனும்தான் அம்மக்களின் உணவு. 1984இல் ஆற்றின் தலைப்பகுதியில், ஃபூபிலான் மலையில், பெரியதொரு பொன், செம்புச் சுரங்கம் இயங்கத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் பி.எச்.பி. நிறுவனம் அதை நடத்தியது. நாட்டு அரசும் அதில் பங்குதாரர்.

அரைத்த பாறைக் கழிவைத் தேக்கி வைக்க ஓர் அணை கட்டுவதாகத்தான் ஒப்பந்தம். 1984 ஜனவரியில் அணை எழவிருந்த இடத்தில் பெரும் மண்சரிவு ஏற்பட்டது. அணை கட்டப்படவில்லை. கழிவை ஆற்றிலேயே விடுவதற்குத் ‘தற்காலிகமாக’ அனுமதி வழங்கப்பட்டது. அந்தத் தற்காலிகம் இன்று வரை முடியவில்லை. கழிவும் வெட்டியெறிந்த பாறையும் அரிப்பு மண்ணுமாக ஆண்டுக்குச் சுமார் 9 கோடி டன் அந்த ஆற்று வழியில் இறங்கிய காலம் உண்டு.

பொறியாளர் நண்பர் இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். அந்த ஆற்றில் கண்காணிப்பு இல்லாமல் இல்லை. நிறுவனத்தின் சொந்தச் சுற்றுச்சூழல் பிரிவே ஆண்டுக்கணக்காக ஆற்றில் பல இடங்களில் வலை போட்டு மீன்களை எண்ணியது. உலகில் வெப்பமண்டல ஆறு ஒன்றில் நடந்த நீண்ட மீன்கணக்குகளில் அதுவும் ஒன்று. அந்தக் கணக்கு பொய் சொல்லவுமில்லை. மேலாற்றில் மீன்பாடு சில இடங்களில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குக் குறைந்ததை அதே ஏடுதான் காட்டியது. காரணத்தையும் ஓரளவு காட்டியது. மீன்களைத் துரத்தியது செம்பு நஞ்சு மட்டும் அன்று. ஆழமான மடுக்களும் மரவேர் இடுக்குகளும் மண்ணால் நிரம்பிப் போயின. படுகை மேடிட்டதால் வெள்ளம் காட்டுக்குள் ஏறி நின்று, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காடு வேரழுகிப் பட்டது. மீனுக்கு வீடு இல்லாமல் போயிற்று. ஒவ்வோர் ஆண்டும் எண்ணினார்கள். ஒவ்வோர் ஆண்டும் எண்ணிக்கை இறங்கியது. ஒவ்வோர் ஆண்டும் கழிவு ஆற்றில் இறங்கியது.

1994இல் அந்த ஆற்றோர மக்கள் மெல்பர்ன் நகர நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். சுமார் 30,000 பேரின் சார்பில் வந்த வழக்கு அது. 1996இல் சமரசமாயிற்று. 1999இல் நிறுவனமே ஆய்வறிக்கைகளை வெளியிட்டு, பாதிப்பு எதிர்பார்த்ததைக் காட்டிலும் பெரிது என ஒப்புக்கொண்டது. 2002இல் தன் பங்குகளை ஓர் அறக்கட்டளையமைப்பிடம் ஒப்படைத்துவிட்டு, கடந்த காலப் பொறுப்புகளிலிருந்து சட்டப் பாதுகாப்பும் பெற்றுக்கொண்டு வெளியேறியது. பின்னர் சுரங்கம் அரசுடைமையாயிற்று. ஆற்றோரத்தார் ஆற்றோரத்திலேயே இருக்கிறார்கள்.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து பல்லாண்டு பழகிய எனக்கு இந்த ஒழுங்கு புதிதாகத் தெரியவில்லை. ஆன்ம சோதனை மிகவும் நுணுக்கமாக நடந்திருக்கிறது. பாவங்கள் எண்ணிக்கையோடும் வகையோடும் சொல்லப்பட்டிருக்கின்றன. இனி செய்வதில்லை என்னும் பிரதிக்கினை மட்டும் எங்கும் இல்லை.

‘அது ஏழை நாடு, அங்கே சட்டம் தளர்வு’ என்று சொல்வார்கள். சரி, பணக்கார நாட்டுக்கே போவோம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் எல்க் பள்ளத்தாக்கு இருக்கிறது. எஃகு ஆலைகளுக்கான நிலக்கரியை அங்கே மலைகளைத் திறந்து வெட்டி எடுக்கிறார்கள். வெட்டிக் குவித்த பாறை மேட்டில் மழையும் பனி நீரும் ஊறி இறங்கும்போது செலினியம் என்னும் தனிமத்தைக் கரைத்துக்கொண்டு ஆற்றில் சேர்க்கின்றன. செலினியம் சிறிதளவு எல்லா உயிருக்கும் தேவை. அளவு மிஞ்சினால் விபரீதம். அது பாசியில் ஏறி, பாசியைத் தின்னும் பூச்சியில் ஏறி, பூச்சியைத் தின்னும் மீனில் ஏறுகிறது. தாய் மீனுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அது கொழுத்துப் பளபளப்பாகவே நீந்தும். செலினியம் முட்டையின் கருவுக்குள் போய்த் தங்குகிறது. பொரிக்கும் குஞ்சு முதுகு வளைந்தும், செவுள் மூடி இல்லாமலும் பிறக்கிறது; அல்லது பிறப்பதே இல்லை.

வாசகர்கள் இப்போது என் அலமாரியை நினைத்துக்கொள்ளலாம். வளர்ந்த மீன்களை மட்டும் எண்ணுகிறவர் ஆற்றில் மீன் இருக்கிறது என்றே எழுதுவார். அவர் எழுதுவது பொய்யாகவும் இராது. ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்து பார்க்காதவர் அவர்.

அந்தப் பள்ளத்தாக்கிலுள்ள ஃபோர்டிங் ஆற்றில் கட்த்ரோட் டிரௌட் என்னும் மீனினம் வாழ்கிறது. முகமூடி அணிந்து ஆற்றோடு நீந்திச் சென்றே அதை எண்ணுகிறார்கள். 2017க்கும் 2019க்கும் இடைப்பட்ட இரண்டே ஆண்டுகளில், மேல் ஃபோர்டிங்கில் வளர்ந்த மீன்களின் எண்ணிக்கை 90 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. எப்படிச் சரிந்தது? சுரங்க நிறுவனம் அமைத்த வல்லுநர் குழு ஆராய்ந்து, 2019 தொடக்கத்தில் நிலவிய கடுங்குளிரில் ஆறு உறைந்ததும், மீன்கள் குளிர்காலத்தைக் கழிக்க ஏற்ற மடுக்கள் குறைவாக இருந்ததும், அவற்றுக்குச் செல்லும் வழி தடைப்பட்டதும் சேர்ந்து காரணமாயின என்றது. அவர்கள் மனச்சாட்சிப்படியே எழுதியிருப்பார்கள் என்று கொள்வோம். ஆனாலும் ஒரு கேள்வி. குளிர் இறைவன் தந்தது. மடுக்கள் குறைந்த பள்ளத்தாக்கையும் தடைப்பட்ட வழியையும் தந்தவர் யார்? கூண்டில் ஏற்றப்பட்டது பனிக்கட்டி.

செலினியத்துக்காக வழக்கும் நடந்தது. 2012ஆம் ஆண்டில் அந்த ஆற்று நீரில் கேடு விளைக்கும் பொருளைச் சேர்த்ததாக டெக் கோல் நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 6 கோடி கனடிய டாலர் அபராதம் செலுத்தியது. கனடாவின் மீன்வளச் சட்டத்தின் கீழ் விதிக்கப்பட்ட மிகப் பெரிய தண்டனை அது. தீர்ப்பு வந்த ஆண்டு 2021. குற்றத்துக்கும் தண்டனைக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள். அந்த ஒன்பது ஆண்டுகளிலும் எண்ணினார்கள். அந்த ஒன்பது ஆண்டுகளிலும் வெட்டினார்கள். இவ்வளவும் சட்டமும் நீதிமன்றமும் பத்திரிகையும் விழித்திருக்கும் நாட்டில். 

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஆறும் கடலும் ஒன்றல்ல, மேற்சொன்ன சுரங்கங்களும் மணல் அகழ்வும் ஒன்றல்ல என்பதை நான் மறக்கவில்லை. நம் கரையில் மலையளவு பாறைக்கழிவு கடலில் கொட்டப்படப் போவதில்லை. நான் ஒப்பிடுவது அகழ்வை அன்று, கண்காணிப்பை. யார் எண்ணுகிறார், எப்போது எண்ணத் தொடங்குகிறார், எண்ணிய பிறகு என்ன செய்கிறார் என்னும் கேள்விகள் எல்லா நீருக்கும் பொது.

“நிலத்தில்தானே தோண்டுகிறார்கள், கடலுக்கு என்ன?” என்று சிலர் கேட்கிறார்கள். மேற்குக் கரையில் வாழ்கிறவன் அப்படிக் கேட்க மாட்டான். ஆனியிலும் ஆடியிலும் கடல் கரையைத் தின்னும். பருவம் மாறியதும் அதே மணலைக் கொண்டுவந்து போடும். கரை மணலும் கடலடி மணலும் ஒரே பையிலிருந்து செலவாகும் பணம். தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணி கடலில் கலக்கும் பொழிமுகம் இருக்கிறது. கடலில் பிறக்கும் இறால் குஞ்சுகள் இப்படிப்பட்ட பொழிமுகங்களுக்குள் வந்து வளர்ந்து, மறுபடியும் கடலுக்குத் திரும்புகின்றன. கரையின் வடிவம் மாறினால், நீர் கலங்கினால், முதலில் தடுமாறுவது அந்தத் தொட்டில்.

எப்போது எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். சுரங்கத் திட்டங்களின் பாதிப்பை மதிப்பிடுவதற்கு மத்திய அமைச்சகம் வகுத்துள்ள பொது ஆய்வு வரையறை, மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத்தின் தரவு இருந்தால் போதும் என்கிறது. காற்று, நீர், மண், செடி, உயிரினம் எல்லாவற்றுக்கும் இதுவே விதி. இதே அரசு, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள்களுக்கு விசைப்படகுகளைக் கடலுக்கு அனுப்புவதில்லை. ஏன்? அது மழைக்காலம், மீன் இனம் பெருக்கும் காலம் என்பதால். இனப்பெருக்கக் காலம் என்று ஒரு கையால் கடலை மூடுகிறார்கள். மறு கையால், அந்தக் காலத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்று ஆய்வு விதி எழுதுகிறார்கள். இரண்டு கைகளும் ஒரே உடலைச் சேர்ந்தவை. நண்பரே, இதற்கு நீங்கள் எனக்கு மறுமொழி சொல்ல வேண்டும்.

ஒரு பருவம் போதாது என்பதற்குச் சாளை மீனே சாட்சி. கேரளக் கரையில் 2012இல் ஏறக்குறைய 4 லட்சம் டன் சாளை கிடைத்தது. 2021இல் கிடைத்தது 3,300 டன்னுக்கும் குறைவு. நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இதற்குச் சுரங்கம் எதுவும் காரணம் அன்று. கடலின் வெப்பமும் நீரோட்டமும் மழையும் ஆடிய ஆட்டம். இப்படிக் கூடியும் குறைந்தும் ஆடுகிற ஒரு கணக்கில் மூன்று மாதங்களை மட்டும் வெட்டி எடுத்து, “இதுவே முந்தைய நிலை” என்று முத்திரை குத்தினால் என்ன ஆகும்? நல்ல ஆண்டில் எண்ணியிருந்தால் பின்னால் வரும் வீழ்ச்சிக்குச் சுரங்கம் அநியாயமாகப் பழி ஏற்கும். கெட்ட ஆண்டில் எண்ணியிருந்தால் எந்த வீழ்ச்சியும் வீழ்ச்சியாகத் தெரியாது. எந்த ஆண்டில் எண்ணுவது என்று தீர்மானிக்கிறவர் திட்டத்தின் உரிமையாளர். ஆய்வு நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதும் அவரே, கூலி கொடுப்பதும் அவரே. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும் அறிக்கையை எழுதுகிறவரும் அவரே. மாணவனே வினாத்தாள் எழுதி, மாணவனே விடைத்தாளும் திருத்தும் பள்ளிக்கு நம் பிள்ளைகளை அனுப்புவோமா?

இங்கே திட்டத்தின் உரிமையாளரும் அரசின் நிறுவனம், மேற்பார்வை செய்கிறவரும் அரசு. ஓக் டெடியில் அரசு பங்குதாரராக இருந்ததை மேலே குறித்தேன். இலாபத்திலும் நீதியிலும் ஒரே ஆள் பங்கு வைத்திருந்தால் எது முந்தும் என்பதற்கு அந்த ஆறு விடை சொல்லியிருக்கிறது. சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு திட்டம் தீட்டிய பின் ஒட்டப்படும் தாளாக இருக்கக் கூடாது, தொடக்கம் முதலே பணத்தின் அழுத்தமும் அரசியல் அழுத்தமும் இன்றி நடைபெற வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லௌதாத்தோ சீ’ மடலின் 183ஆம் பத்தியில் எழுதினார். நம் பங்குகளில் அந்த மடலை வைத்து மரம் நட்டோம், ஓவியப் போட்டி நடத்தினோம். 183ஆம் பத்தியை யாரும் வாசித்ததாக எனக்கு நினைவில்லை. நானும் வாசிக்கவில்லை; இந்த விவகாரம் வந்த பிறகுதான் தேடிப் பார்த்தேன்.

“கொச்சியிலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் மீன்பாட்டைக் கணக்கெடுக்கிறதே” என்று நண்பர் சொல்லக்கூடும். எடுக்கிறது, செம்மையாகவே எடுக்கிறது. சாளையின் எண்களை நாம் அறிந்ததே அவர்களால்தான். ஆனால் அந்தக் கணக்கு, தேர்ந்தெடுத்த துறைகளில் தேர்ந்தெடுத்த நாள்களில் பார்த்து, மாநிலத்தின் மொத்த மீன்பாட்டை மதிப்பிடுவதற்காக அமைந்தது. ஒரு குறிப்பிட்ட ஊருக்கு முன்னால், கரையிலிருந்து இரண்டு பாக ஆழத்தில், பத்து ஆண்டுகளில் என்ன மாறிற்று என்று அதனிடம் கேட்டால் அது விடை சொல்லாது. அதற்காக அது பிறக்கவில்லை.

விடை தெரிந்தவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். கோயில் கோபுரத்தையும் மலைமுகட்டையும் நேர்கோட்டில் நிறுத்திக் கடலுக்கடியில் இருக்கும் பாரைக் கண்டுபிடிக்கிறவர்கள். நீவாட்டின் திசையை வலையின் இழுவையிலேயே அறிகிறவர்கள். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், எழுபது கடந்தவர், என்னிடம் சொன்னார்: “சாமி, மீன் கொறஞ்சா எங்களுக்கு வயித்துல தெரியும். அவங்களுக்கு ஏட்டுலதான தெரியும்?” நான் அவரிடம், “நீங்கள் சொல்வதற்கு ஏடு எங்கே, பெரியவரே?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவரைப் புண்படுத்திவிட்டேனோ என்று இரவு முழுவதும் தோன்றியது. ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி அது.

நம் பக்கத்தின் குறையை நாமே சொல்லாவிட்டால் எதிர்ப்பக்கம் சொல்லும். நமக்கு நினைவு இருக்கிறது, பதிவு இல்லை. நாளை மீன் குறைந்தது என்று நாம் நீதிமன்றம் சென்றால், எதிர் வழக்கறிஞர் என்ன சொல்வார் என்பதை என்னால் இப்போதே எழுத முடியும். கடல் சூடேறிவிட்டது என்பார். துறைமுகங்களும் தூண்டில் வளைவுகளும் நீரோட்டத்தைத் திருப்பிவிட்டன என்பார். 2017 ஒக்கிப் புயலுக்குப் பின் கடலுக்குப் போகிறவர்களே குறைந்துவிட்டார்கள் என்பார். இழுவைமடிகள் அடிமணலை வாரிவிட்டன, சிறுகண் வலைகள் குஞ்சையும் விடவில்லை என்பார். இவற்றில் எதை நாம் முற்றிலும் மறுக்க முடியும்? ஏலக் கூடத்தில் விரல் நீளமில்லாத மீனைக் கூடை கூடையாகக் கோழித் தீவனத்துக்கு விற்கிறதை நானே பார்த்திருக்கிறேன். அங்கே பனிக்கட்டி கூண்டில் ஏறியது. இங்கே மீனவனே ஏறுவான். அப்போது கடற்கரையில் கொடி பிடித்தவர்கள், என்னையும் சேர்த்துத்தான், கையில் ஒரு தாளும் இல்லாமல் நிற்போம். ‘விஞ்ஞானம் எல்லாம் பொய்’ என்று மேடையில் முழங்கிய என் சக குருக்கள் சிலரும் அப்போது என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. கைதட்டல் வாங்குவது எளிது.

இவற்றையெல்லாம் காட்டிலும் எனக்கு உறுத்தலாக இருப்பது வேறொன்று. கண்காணிப்பு அறிக்கைகள் என்று என் கைக்குக் கிடைத்தவற்றைப் பொறுமையாகப் படித்தேன். “தொடர்ந்து கண்காணிக்கப்படும்” என்ற வாக்கியம் அவற்றில் பல முறை வருகிறது. “இந்த எண்ணிக்கைக்குக் கீழே இறங்கினால் வேலை நிறுத்தப்படும்” என்ற வாக்கியம் நான் பார்த்த எதிலும் இல்லை. மருத்துவமனையில் நோயாளியின் சூட்டை மணிக்கொரு முறை அளந்து எழுதுகிறார்கள் என்றால், எத்தனை டிகிரியில் மருத்துவரை எழுப்புவது என்பது செவிலிக்கு முன்பே சொல்லப்பட்டிருக்கும். சொல்லப்படாவிட்டால் விடியும்போது கட்டிலருகே அழகான அட்டவணை இருக்கும், நோயாளி இருக்க மாட்டார். நிறுத்தும் எண் முன்கூட்டியே எழுதப்படாத கண்காணிப்பை நான் மரணப் பதிவேடு என்கிறேன். அதைச் செம்மையாகவும் அழகான கையெழுத்திலும் எழுதலாம்.

அந்த எண்ணை யார் எழுதுவது, எந்த மீனுக்கு எழுதுவது என்று நண்பர் கேட்பார். கடினமான கேள்விதான். அதற்காகவே தோண்டுவதற்கு முன்னால், ஐந்தாறு ஆண்டுகளாவது, மழைக்காலமும் உட்பட, உரிமையாளரின் கூலி வாங்காத ஒருவர் எண்ண வேண்டும் என்கிறேன். ஒரு பல்கலைக்கழகம் எண்ணட்டும். செலவை நிறுவனம் நேராகக் கொடுக்காமல் நீதிமன்றத்திலோ வேறு பொதுக் கையிலோ கட்டட்டும். பெரிய மீனோடு குஞ்சும் இறாலும் கடலடிச் சிப்பியும் எண்ணப்படட்டும். ஏடு தமிழில் எழுதப்பட்டுப் பங்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படட்டும். ஐந்தாறு ஆண்டு காத்திருக்க நாட்டுக்கு நேரமில்லை என்பார்கள். மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதை ஒரு ஜெர்மானியர் கண்டறிந்தது 1909இல். நூறாண்டுக்கு மேல் அந்த மணல் எங்கும் ஓடிப்போய்விடவில்லை. இன்னும் ஐந்தாறு ஆண்டு அங்கேயேதான் கிடக்கும்.

பெரியவரிடம் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. ஞானஸ்நானப் பதிவேடு வாங்கும் அதே கடையில், அதே அளவில், கோடு போட்ட தடித்த பதிவேடு ஒன்று வாங்கினேன். எங்கள் இளைஞர் இயக்கத்துப் பிள்ளைகள் இருவர் இருவராக முறை வைத்துக்கொண்டு, காலையில் ஏலம் நடக்கும் இடத்தில் அதை எழுதுகிறார்கள். தேதி, காற்று, நீவாடு, எத்தனை பேர் போனார்கள், எத்தனை மணி நேரம் இருந்தார்கள், கரைமடியா சாளை வலையா, என்ன மீன், எத்தனை கூடை, அதில் குஞ்சு எவ்வளவு. முதல் வாரம் மீனவர்கள் சந்தேகமாகப் பார்த்தார்கள். வருமான வரிக்காரர்களுக்குக் கணக்குப் போகிறதோ என்று ஒருவர் என்னிடமே வந்து கேட்டார். பெரியவர் இப்போது நாள்தோறும் பிள்ளைகள் அருகில் வந்து உட்கார்ந்து, அவர்கள் மீன் பெயரைத் தவறாக எழுதினால் திட்டுகிறார்.

சென்ற மாதம் பொறியாளர் நண்பர் வந்தார். பதிவேட்டைக் கேட்டு வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து படித்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “ஃபாதர், வலைக்கண்ணின் அளவுக்கு ஒரு பத்தி விட்டுப்போயிருக்கிறது. அது இல்லாவிட்டால் இந்தக் கணக்கை ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார்கள்.” மறுநாள் காலை அளவுகோலும் சிவப்பு மையும் கொண்டுவந்து, எஞ்சிய பக்கங்கள் முழுவதிலும் அவரே கோடு போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.